சென்னையிலும் கடல் இருக்கிறது, எரிமலை ஏன் இல்லை?

கேள்வி இதுதான்: உலக வரைபடத்தில் எரிமலைகளையும் பெரிய நிலநடுக்கங்களையும் புள்ளி வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை பசிபிக் பெருங்கடலின் ஓரமாகவே வரிசைகட்டி நிற்கின்றன. கடலோரத்துக்கு அப்படி என்ன விசேஷம்? கடல் தண்ணீர் பூமிக்குள் இறங்கி, அங்கிருக்கும் சூட்டில் கொதித்து வெடிக்கிறதா?

வரிசை இருப்பது உண்மை. சிலியில் தொடங்கி ஆண்டிஸ் மலைத்தொடர், மத்திய அமெரிக்கா, அலாஸ்கா, கம்சட்கா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் வழியாக நியூசிலாந்து வரை சுமார் 40,000 கிலோமீட்டர் நீளத்துக்கு அது போகிறது. ‘நெருப்பு வளையம்’ என்று பெயர். முழு வளையம்கூட இல்லை, தெற்கே திறந்து கிடக்கிற குதிரை லாட வடிவம். உலகின் நிலநடுக்கங்களில் சுமார் 90 சதவீதமும், உயிருள்ள எரிமலைகளில் சுமார் முக்கால் பங்கும் இங்கேதான்.

ஆனால் கேள்வியை முதலில் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடற்கரை என்பது தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று காட்டும் கோடு, அவ்வளவுதான். பூமிக்கு அந்தக் கோட்டைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கு முக்கியமான கோடு வேறு. பூமியின் மேற்புறம் சுமார் நூறு கிலோமீட்டர் தடிமனுள்ள பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. பெரியவை ஏழெட்டு, சின்னவை நிறைய. எல்லாமே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கின்றன. உரசலும் முட்டலும் அவற்றின் விளிம்புகளில். பசிபிக்கில் கடலின் ஓரமும் தட்டின் ஓரமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் அமைந்துவிட்டன. அதனால்தான் கடலோரம் காரணம் போலத் தோன்றுகிறது.

சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். மெரினாவின் மணலும், அங்கிருந்து கிழக்கே விரிகிற வங்கக் கடலின் தரையும் ஒரே தட்டைச் சேர்ந்தவை. ஒட்டியபடியே நகர்கின்றன, நடுவில் விளிம்பு எதுவும் இல்லை. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அண்டார்டிகாவிலிருந்து இந்தியா பிரிந்து வந்தபோது உண்டான கிழிசல்தான் நம் கிழக்குக் கரை. அது அடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. அட்லாண்டிக்கின் இரு பக்கமும் பெரும்பாலும் இதே கதைதான். நியூயார்க், ரியோ டி ஜெனிரோ, லாகோஸ் எல்லாமே கடலைப் பார்த்த நகரங்கள், ஒன்றிலும் எரிமலை கிடையாது. அதே அட்லாண்டிக்கில் கரீபியத் தீவுகளின் கிழக்கு விளிம்பிலோ ஒரு தட்டு இன்னொன்றுக்குக் கீழே நுழைகிறது. அங்கே எரிமலைகள் வரிசையாக இருக்கின்றன. 1902இல் மார்ட்டினிக் தீவின் பெலே எரிமலை செயின்ட் பியர் என்ற துறைமுக நகரத்தையே அழித்தது. சுமார் 28,000 பேர் செத்துப்போனார்கள்.

ஆக, கடல் எங்கே இருக்கிறது என்று பார்க்காதீர்கள். தட்டு எங்கே கீழே இறங்குகிறது என்று பாருங்கள்.

சரி, தட்டு ஏன் இறங்க வேண்டும்? கடலடித் தரை நடுக்கடல் முகடுகளில் பிறக்கிறது. அங்கே தட்டுகள் விலகும் இடத்தில் கீழிருந்து பாறைக்குழம்பு ஏறி வந்து இறுகி, புதுத் தரை உண்டாகிறது. பிறந்தபோது சூடாக, லேசாக இருக்கும். முகட்டிலிருந்து விலக விலகக் குளிரும், தடிக்கும், கனக்கும். சில கோடி ஆண்டுகள் போனால் தனக்குக் கீழே இருக்கும் சூடான பாறையைவிட அது அடர்த்தி கூடியதாகிவிடும். எங்காவது ஒரு விளிம்பு கீழே சாய்ந்தால் போதும், மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு போகும். கொடியில் போட்ட ஈரப் புடவையில் ஒரு பக்கம் அதிகமாகத் தொங்கினால் முழுப் புடவையும் அந்தப் பக்கமாகச் சரிந்து விழுமே, அந்த மாதிரி. தட்டுகள் நகர்வதற்கு இந்த இழுவிசைதான் பெரிய காரணம் என்று இப்போது கருதப்படுகிறது. கீழே ஏதோ ஓட்டம் தட்டுகளைச் சுமந்துபோகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அது முழுப் பொய்யில்லை, ஆனால் முக்கிய இன்ஜின் இந்தக் கனம்தான்.

கண்டங்கள் அப்படி மூழ்காது. கிரானைட் போன்ற லேசான பாறை அவற்றில் அதிகம். அதனால் கடல்தட்டும் கண்டத்தட்டும் முட்டினால் எது கீழே போகும் என்பதில் சந்தேகமே இல்லை. இதனால்தான் கண்டங்களில் 400 கோடி ஆண்டு வயதான பாறைகள்கூடக் கிடைக்கின்றன. பெருங்கடல்களின் தரையில் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்டதைப் பார்ப்பது அரிது. பழையது எல்லாம் உள்ளே போய்விட்டது. அது வளைந்து உள்ளே நுழையும் இடத்தில் கடலடியில் நீண்ட பள்ளம் விழும், அதுதான் அகழி. சுமார் 11 கிலோமீட்டர் ஆழமுள்ள மரியானா அகழி அப்படிப்பட்டதுதான். பசிபிக்கின் ஓரமெங்கும் அகழிகள் கிடக்கின்றன.

ஏன் குறிப்பாகப் பசிபிக்? சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கண்டங்கள் எல்லாம் பாஞ்சியா என்ற ஒரே நிலப்பரப்பாக இருந்தன. அதைச் சுற்றி ஒரே மாபெரும் கடல். பாஞ்சியா உடைந்து நடுவில் அட்லாண்டிக் திறந்ததும், துண்டுகள் வெளிப்பக்கமாக, அந்தப் பழைய கடலை நோக்கி நகர்ந்தன. அந்தக் கடலின் மிச்சம்தான் பசிபிக். அட்லாண்டிக் இன்றும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அகலமாகிக்கொண்டே போகிறது. பூமி பெரிதாகவில்லை, அதனால் வேறு எங்காவது அதே அளவு தரை தொலைய வேண்டும். அந்தக் கணக்கின் பெரும்பகுதி பசிபிக்கின் ஓரங்களில்தான் நேர்செய்யப்படுகிறது.

‘தட்டு உள்ளே போகிறது’ என்பதை யார் பார்த்தார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். முதல் தடயம் ஜப்பானில் கிடைத்தது, தட்டுகள் என்ற கருத்தே வராத காலத்தில். வாடாட்டி கியோ என்ற நிலநடுக்க ஆய்வாளர், அதிர்வலைகள் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து, நிலநடுக்கங்கள் எவ்வளவு ஆழத்தில் பிறக்கின்றன என்று கணக்குப் போட்டார். 1928இல் 300 கிலோமீட்டருக்கும் கீழே நிலநடுக்கம் உண்டு என்று காட்டினார். அவ்வளவு ஆழத்தில் பாறை இளகியிருக்கும், உடையாது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்புறம் புள்ளிகளை ஒழுங்குபடுத்திப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. ஜப்பானின் பசிபிக் கரைக்குக் கீழே ஆழம் சில பத்து கிலோமீட்டர். மேற்கே போகப் போக ஆழம் கூடிக்கொண்டே போய், ஆசியக் கண்டத்தின் கரையை நெருங்கும்போது 500 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. புள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரு சாய்ந்த பலகையாக நிற்கின்றன. அமெரிக்காவின் ஹியூகோ பெனியாஃப் மற்ற அகழிகளிலும் இதையே கண்டார். அந்தச் சாய்வுக்கு வாடாட்டி-பெனியாஃப் மண்டலம் என்று இன்று பெயர். உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிற கடல்தட்டின் உருவம் அதுதான். சுமார் 700 கிலோமீட்டர் ஆழம் வரை நடுக்கங்கள் பதிவாகின்றன, அதற்குக் கீழே இல்லை.

இனி நிலநடுக்கத்தையும் எரிமலையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே தட்டு இறங்குவதால் வருகிறவை. ஆனால் இடம் வேறு, காரணம் வேறு.

பெரிய நிலநடுக்கங்கள் அகழிக்குப் பக்கத்திலேயே, ஆழம் குறைந்த பகுதியில் நடக்கின்றன. இறங்கும் தட்டும் மேலே உள்ள தட்டும் அங்கே ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கின்றன. ஜப்பானின் வடகிழக்கில் பசிபிக் தட்டு ஆண்டுக்கு 8 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. அடியில் பிடித்துக்கொண்டிருந்தாலும் தட்டு நிற்காது. மேல்தட்டின் முனையையும் சேர்த்து உள்ளே இழுக்கும், அது வளைந்து கொடுக்கும். நூறு, இருநூறு, ஐந்நூறு ஆண்டு என்று சேர்ந்தது ஒருநாள் விடுபடும். 2011 மார்ச் 11 அன்று நடந்தது அதுதான். அகழிக்கு அருகில் தட்டு ஐம்பது மீட்டர் வரை வழுக்கியது. ஓஷிகா தீபகற்பம் சில நிமிடங்களில் ஐந்து மீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்து, ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோனது. கடலடி எழும்பியதால் மேலிருந்த தண்ணீர் மொத்தமும் தூக்கப்பட்டது, சுனாமி.

இந்த விரிசல்கள் இவ்வளவு பெரிய நடுக்கங்களைத் தருவதற்கு அவற்றின் பரப்பு காரணம். செங்குத்தான விரிசல் பதினைந்து இருபது கிலோமீட்டர் ஆழம் போனதும் சூடான, இளகிய பாறையை எட்டிவிடும். இவை சாய்வாகப் படுத்திருப்பதால் உடையக்கூடிய பரப்பு நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விரிகிறது. நீளமோ ஆயிரம் கிலோமீட்டரையும் தாண்டும். கருவிகள் வந்த பிறகு 9 அல்லது அதற்கு மேல் பதிவானவை ஐந்து: கம்சட்கா 1952, சிலி 1960, அலாஸ்கா 1964, சுமத்ரா 2004, ஜப்பான் 2011. ஐந்துமே தட்டு இறங்கும் இடங்கள். நான்கு பசிபிக்கில், ஒன்று நம் பக்கம். (செய்திகளில் இன்னமும் ‘ரிக்டர்’ என்றே எழுதுகிறார்கள், இவ்வளவு பெரிய நடுக்கங்களை அந்த அளவுகோல் அளக்காது, இவை வேறு கணக்கில் வந்த எண்கள்.)

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் கதை வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர், செயின்ட் ஹெலன்ஸ் என்று வரிசையாக எரிமலைகள் உண்டு. 1980 மே 18 அன்று செயின்ட் ஹெலன்ஸ் வெடித்ததில் 57 பேர் இறந்தார்கள், மலையின் உச்சி சுமார் 400 மீட்டர் குறைந்துபோனது. ஆக, அங்கே ஒரு தட்டு இறங்குவது உறுதி. ஆனால் அகழியோரமாகப் பெரிய நிலநடுக்கம் வந்ததாக எழுத்துப் பதிவு எதுவும் இல்லை. தட்டு சத்தமில்லாமல் வழுக்கிப் போகிறது போலிருக்கிறது என்று சிலர் நிம்மதியாக இருந்தார்கள்.

1980களில் பிரையன் அட்வாட்டர் என்ற நிலவியலாளர் அந்தக் கரையின் சதுப்புநிலங்களில் சிறு படகில் போய் ஆற்றங்கரைச் சேற்றைச் சுரண்டிப் பார்த்தார். புல் முளைத்திருந்த பழைய மண், அதன் மேல் ஒரு அடுக்கு கடல் மணல், அதற்கும் மேலே வண்டல். நிலம் திடீரெனத் தாழ்ந்து, உடனே பெரிய அலை மணலைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. கோபாலிஸ் ஆற்றின் ஓரத்தில் செத்துப்போன செந்தேவதாரு மரங்கள் உப்புச் சதுப்பின் நடுவே இன்னமும் நின்றுகொண்டிருந்தன. உப்புத் தண்ணீரில் அந்த மரம் முளைக்காது. அது முளைத்தபோது நிலம் மேலே இருந்திருக்க வேண்டும். வேர்களின் ஆண்டு வளையங்களை எண்ணியதில் கடைசி வளையம் 1699ஆம் ஆண்டுக்குரியது. மரங்கள் 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் நடுவில் செத்திருக்கின்றன.

மிச்சத்தைச் சொன்னவை கடலின் மறுகரையில் ஜப்பானிய ஊர்களின் பதிவேடுகள். 1700 ஜனவரி இறுதியில் ஒரு நள்ளிரவு, எந்த நடுக்கமும் உணரப்படாமல் திடீரென அலை வந்து வீடுகளையும் வயல்களையும் அழித்தது என்று எழுதிவைத்திருந்தார்கள். ஜப்பானில் அப்படிப்பட்ட சுனாமிக்குத் ‘தாயில்லாத சுனாமி’ என்ற பொருளில் அனாதைச் சுனாமி என்றே ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். அலை பசிபிக்கைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கழித்துப் பார்த்தால், வட அமெரிக்கக் கரையில் 1700 ஜனவரி 26, இரவு சுமார் 9 மணி. எழுத்தே இல்லாத ஒரு கரையில் நடந்த நிலநடுக்கத்துக்கு மணிக்கணக்கு வரை தேதி கிடைத்துவிட்டது. அளவு ஏறக்குறைய 9. அங்கே தட்டு இப்போது மறுபடி பிடித்துக்கொண்டிருக்கிறது.

இனி எரிமலை. இரண்டு தட்டுகள் உரசுகிற சூட்டில் பாறை உருகுகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. உள்ளே போகிற தட்டு குளிர்ந்தது. போகிற இடத்தையும் குளிர்விக்கத்தான் செய்யும். குளிர்ந்த பொருள் இறங்கும் இடத்துக்கு மேலே எரிமலை எழுகிறது என்பதுதான் இதில் வேடிக்கை.

இங்கேதான் கேள்வியில் இருந்த தண்ணீர் வருகிறது. கடல் நீர் விரிசல் வழியாக ஊற்றி, நீராவியாகி வெடிக்கவில்லை. ஆனால் தண்ணீருக்குப் பங்கில்லை என்றும் சொல்ல முடியாது. சொல்லப்போனால் எல்லாமே தண்ணீரால்தான். கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலடியில் கிடந்த பாறை, தண்ணீரோடு வினைபுரிந்து சர்ப்பென்டைன் போன்ற கனிமங்களாக மாறியிருக்கும். தண்ணீர் அங்கே துளியாக இல்லை, கனிமத்தின் கட்டமைப்பிலேயே சேர்ந்திருக்கிறது. தட்டு இறங்க இறங்க அழுத்தமும் சூடும் ஏறும். சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்துக்குள் இந்தக் கனிமங்கள் பல சிதைந்து, தண்ணீரை வெளியே விட்டுவிடும். அது மேலே ஏறி, தட்டுக்கு மேலே ஆப்பு வடிவில் இருக்கும் சூடான கவசப் பாறைக்குள் (பூமியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள தடித்த பாறை அடுக்கு) நுழையும். அந்தப் பாறை ஆயிரம் டிகிரிக்கும் மேலான சூட்டில் இருந்தும் உருகாமல் இருந்தது, காரணம் அழுத்தம். தண்ணீர் சேர்ந்ததும் அதன் உருகுநிலை பல நூறு டிகிரி இறங்கிவிடும். சூடு ஏறாமலே பாறை உருகத் தொடங்கும்.

அதனால்தான் எரிமலைகள் அகழியின் மேலேயே நிற்பதில்லை. பெரும்பாலும் 150 முதல் 300 கிலோமீட்டர் உள்ளே தள்ளி, அகழிக்கு இணையாக ஒரே வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசைக்கு நேர் கீழே வாடாட்டியின் சாய்வுப் பலகை சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும். தட்டு செங்குத்தாக இறங்கினால் வரிசை அகழிக்கு அருகே வரும், சாய்வாக இறங்கினால் தள்ளிப் போகும்.

கடலடிச் சேறும் இந்தப் பயணத்தில் சேர்ந்து போய்த் திரும்பி வருகிறது என்பதற்கு அழகான சாட்சி ஒன்று உண்டு, பெரிலியம்-10. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தின் அணுக்களில் மோதும்போது பிறக்கிற, பெரிலியத்தின் கதிரியக்க வகை அது. மழையோடு இறங்கிக் கடலடிச் சேற்றில் தங்கும். சுமார் 14 லட்சம் ஆண்டுகளில் பாதியாகத் தேயும், ஒரு கோடி ஆண்டு போனால் அநேகமாக எதுவும் மிஞ்சாது. பூமிக்குள் ஆழத்தில் அது இருக்க வழியே இல்லை. ஆனால் நிகரகுவாவின் எரிமலைகள் கக்கிய லாவாவில் இருக்கிறது, அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் இருக்கிறது. மேலே வானத்தில் பிறந்தது கடலில் விழுந்து, தட்டோடு உள்ளே போய், தேய்ந்து தீர்வதற்குள் மலை வழியாக வெளியே வந்துவிட்டது. நேரக் கணக்கும் ஒத்துப்போகிறது: ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர் என்றால் பத்து லட்சம் ஆண்டில் 80 கிலோமீட்டர். எரிமலை வரிசைக்குக் கீழே போய்ச் சேர இருபது முப்பது லட்சம் ஆண்டு போதும். பசிபிக்கின் நடுவில் இருக்கும் ஹவாய் லாவாவில் பெரிலியம்-10 இல்லை. ஹவாய் தட்டின் விளிம்பில் இல்லை. ஆழத்திலிருந்து ஏறிவரும் சூடான பாறையால் உண்டானது. அங்கே லாவா பெரும்பாலும் அமைதியாக வழிந்தோடும். வளையத்தின் எரிமலைகளில் குழம்பு கெட்டி, உள்ளே தண்ணீரும் வாயுவும் அதிகம், அதனால் வெடிக்கும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்துத் தள்ளிய கந்தக வாயு, உலகின் சராசரி வெப்பத்தையே அரை டிகிரி அளவுக்குத் தற்காலிகமாகக் குறைத்தது.

இந்த விளக்கம் சரியா என்று சோதிக்க விதிவிலக்குகளைப் பார்ப்பது நல்லது. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் தட்டுகள் பக்கவாட்டில் உரசிப் போகின்றன, எதுவும் கீழே இறங்கவில்லை. எனவே நடுக்கம் உண்டு (1906இல் சான் பிரான்சிஸ்கோ நாசமானது), ஆனால் அந்தப் பிளவு நெடுக எரிமலை வரிசை கிடையாது. இன்னும் சுவையான இடம் சிலி. தென் அட்சம் 28 முதல் 33 டிகிரி வரை தட்டு இறங்கத்தான் செய்கிறது, 2015இல் 8.3 அளவில் நடுக்கம்கூட வந்தது. ஆனால் ஆண்டிஸின் அந்தத் துண்டில் மட்டும் உயிருள்ள எரிமலை இல்லை. காரணம், தட்டு அங்கே சுமார் நூறு கிலோமீட்டர் ஆழம் போனதும் மேலும் சாயாமல் கிடையாகவே நீள்கிறது. நடுவில் சூடான கவசப் பாறைக்கு இடமில்லாமல் போய்விட்டது. தண்ணீர் இருந்தும் உருக ஆள் இல்லை.

எங்காவது பெரிய நடுக்கம் வந்தால் ‘நெருப்பு வளையம் விழித்துக்கொண்டது’ என்று செய்தி போடுகிறார்கள். வளையம் என்பது நாம் வரைந்த கோடு. பசிபிக் தட்டு, நாஸ்கா தட்டு, கோகோஸ் தட்டு, பிலிப்பைன் கடல் தட்டு என்று பல தட்டுகளின் விளிம்புகள் அதில் இருக்கின்றன. சிலியில் நடப்பதற்கும் ஜப்பானில் நடக்கப்போவதற்கும் பொதுவாகச் சம்பந்தம் இல்லை. பக்கத்து எரிமலையைச் சீண்டுவது உண்டு: 1960 சிலி நடுக்கத்துக்கு இரண்டு நாள் கழித்து அருகிலிருந்த கோர்டோன் காவ்ல்யே வெடித்தது. கடலின் மறுகரை வரை எட்டுவது சுனாமிதான். அதே சிலி நடுக்கத்தின் அலை 22 மணி நேரம் போல் பயணித்து ஜப்பானில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 1952இல் 9 அளவில் அதிர்ந்த கம்சட்கா 73 ஆண்டு கழித்து 2025இல் 8.8 அளவில் மறுபடி அதிர்ந்தது. ஒரே இடம் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பெரிதாகத் திரும்பியது ஆய்வாளர்களுக்கு இன்னும் வேலை வைத்திருக்கிறது.

கடைசியாக, நம் கரை. சென்னையைச் சுமக்கிற அதே தட்டு, கிழக்கே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, அந்தமானுக்கும் சுமத்ராவுக்கும் கீழே இறங்குகிறது. நம் விளிம்பு அங்கே இருக்கிறது. பசிபிக்கில் பார்த்த எல்லாமே அங்கே உண்டு: அகழி, சாய்வு நடுக்கங்கள், எரிமலை வரிசை. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில் உள்ள பாரன் தீவு, இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் தூங்கிவிட்டு 1991இல் மறுபடி கக்கத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26 அன்று உடைந்ததும் இந்த விளிம்புதான், சுமத்ராவிலிருந்து வடக்கே அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு.

சென்னையில் நடுக்கமே வராது என்று இதற்குப் பொருள் இல்லை. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் ஒன்று வந்து சென்னையும் குலுங்கியது. தட்டின் உள்ளே இருக்கும் பழைய வெடிப்புகள் அவ்வப்போது இப்படி அசையும். ஆனால் 9 அளவில் வருவதற்கான விரிசல் நம் காலடியில் இல்லை, எரிமலைக்கு வேண்டிய இறங்கும் தட்டும் இல்லை. விளிம்பில் உடைந்தால் அலை மட்டும் நம்மிடம் வரும், சுமார் இரண்டு மணி நேரத்தில். 2004இல் அந்த இரண்டு மணி நேரமும் யாருக்கும் தெரியாமலே போனது. 2007 முதல் ஹைதராபாத்தில் ஓர் எச்சரிக்கை மையம் அந்த விளிம்பை இரவு பகலாகக் கவனித்துக்கொண்டிருக்கிறது.